டிராயிங் பீரியடைக் கடன் வாங்கிய கணக்கு வாத்தியார்

போன மாசம் பரணை ஒழிச்சப்போ ஒரு தகரப் பெட்டி கிடைச்சது. உள்ளே அப்பாவோட பழைய சர்டிபிகேட்டுகள். 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்', லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் பாஸ் பண்ணினதுக்கான காகிதங்கள். மடிப்பில் கிழிஞ்சிருந்தது.

அப்பா ஒரு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். ஊர் பாஷையில் டிராயிங் மாஸ்டர். ஆண்டு விழான்னா மேடைக்குத் திரை வரையணும். விளையாட்டு விழான்னா சுண்ணாம்பில் கோடு போடணும். எந்த வாத்தியார் லீவு போட்டாலும் அந்த வகுப்பைப் பார்த்துக்கணும். கணக்கு வாத்தியாருக்கு போர்ஷன் முடியலேன்னா டிராயிங் பீரியடைக் கடன் வாங்கிக்குவார். திருப்பிக் கொடுத்ததா சரித்திரமே இல்லை :-)

இந்தப் பெட்டி கிடைச்ச அதே வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. என் பொண்ணு இரண்டாம் வகுப்பு. அவளோட நோட்டில் ஒரு யானைக்கு ஊதா கலர் அடிச்சிருந்தா. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. கீழே 'யானை சாம்பல் நிறம்'. அதைத் தாத்தாகிட்டே காட்டி, ரொம்ப சாதாரணமா, "தாத்தா, எனக்கு டிராயிங் வராது" என்றாள். ஏழு வயசு!

அப்பா நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். எதுவும் சொல்லலை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "நானும் முப்பது வருஷம் அதைத்தானேடா பண்ணினேன். போர்டுல மாங்கா போடுவேன், எல்லாரும் அதே மாதிரி போடணும்பேன்" என்றார்.

அது மனசில் தைச்சிடுச்சு. இந்த மாங்காய் எங்கேயிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் இங்கே எழுதறேன்.

*

சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கணும்னு அழுத்திச் சொன்னவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்சி. 1803இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். ஆனா அவர் மனசில் இருந்தது கலை இல்லை. கோடு, கோணம், சதுரம் என்று படிப்படியா வரைஞ்சா கண் அளக்கக் கத்துக்கும், அப்புறம் எழுத்தும் எளிதா வரும், அவ்வளவுதான்.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தில், அதுக்குக் காரணம் வியாபாரம். பிரெஞ்சுத் துணியும் பாத்திரமும் அழகில் ஜெயிக்குது, நம்ம சரக்கு நிற்கலை என்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1835-36இல் ஒரு கமிட்டி போட்டு விசாரிச்சது. 1837இல் அரசு வடிவமைப்புப் பள்ளி வந்தது. 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி. அதுக்கப்புறம் ஹென்றி கோல், ரிச்சர்ட் ரெட்கிரேவ் இருவரும் சேர்ந்து 23 படிகள் கொண்ட ஒரு பாடத்திட்டம் போட்டாங்க. முதலில் கருவி வைத்துக் கோடு. அப்புறம் அச்சடிச்ச படத்தைப் பார்த்து அவுட்லைன். அப்புறம் நிழல். அதுக்கப்புறம்தான் மற்றதெல்லாம். மனசில் தோணினதை வரையறதுக்கு வரிசையில் ரொம்ப நேரம் காத்திருக்கணும். சவுத் கென்சிங்டன் முறை என்று பேர். தேவைப்பட்டது ஆலைக்கு நல்ல கை. கலைஞன் தானா வந்தா லாபம், வராட்டாலும் நஷ்டமில்லை.

இந்தச் சரக்கு கப்பல் ஏறியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணம் 1870இல் பொதுப் பள்ளிகளில் டிராயிங்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டு, அடுத்த வருஷம் இங்கிலாந்திலிருந்து வால்டர் ஸ்மித் என்கிறவரைக் கூட்டிக்கிட்டு வந்தது. அங்கேயும் காரணம் தொழிற்சாலைதான்.

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி ஆரம்பிச்சார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் ஆரம்பம் அதுதான். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டது. ஃப்ரீஹேண்ட், மாடல் என்கிற வார்த்தைகளும் லோயர், ஹையர் என்று படி ஏறும் தேர்வுப் பழக்கமும் அந்த இங்கிலீஷ் குடும்பத்து வாரிசுகள். என் அப்பாவோட தகரப் பெட்டியின் பூர்வீகம் இப்போ புரிஞ்சிருக்கும்!

*

சரி, குழந்தை குழந்தையாவே வரையலாம்னு முதலில் யாருக்குத் தோணிச்சு?

பிரான்ஸ் சிசெக் என்கிறவர் வியன்னாவுக்கு ஓவியம் படிக்க வந்த காலத்தில் ஒரு தச்சர் வீட்டில் தங்கியிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளும் வரையறதைக் கவனிச்சார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. 1897இல் பிள்ளைகளுக்கு என்று ஒரு ஓவிய வகுப்பு ஆரம்பிச்சார். பார்த்து வரையறதுக்குப் படம் எதுவும் மாட்டி வைக்கலை. இன்றைக்கு உலகம் முழுக்க 'குழந்தை ஓவியம்' என்று பேசுறதுக்கு அவர் ஒரு முக்கியமான ஆரம்பம்.

நம்ம நாட்டில் தாகூர். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குச் சின்ன வயசில் ஆகாது. 1901இல் சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களோட மரத்தடியில் பள்ளி தொடங்கினார். பாட்டு, நாடகம், படம் எல்லாம் அங்கே நாளின் ஒரு பகுதி. 1919இல் கலாபவன் வந்தது. நந்தலால் போஸ் அதை வளர்த்தார். இதில் எனக்குப் பிடிச்ச சங்கதி வேற. தாகூர் மும்முரமா ஓவியத்தில் இறங்கினது அறுபது வயசுக்கு மேல். கையெழுத்துப் பிரதியில் அடிச்ச வரிகளை இணைச்சு இணைச்சு உருவம் ஆக்கினதுதான் ஆரம்பம். 1930இல் பாரிஸில் கண்காட்சியே வச்சுட்டார். நம்ம வகுப்பில் யாராவது அடிச்ச எழுத்தை மீன் ஆக்கியிருந்தா என்ன கிடைச்சிருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

நந்தலாலின் மாணவர் தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமுக்கு வந்தார். 1937 வார்தா மாநாட்டுக்குப் பிறகு காந்தி வகுத்த ஆதாரக் கல்வி அங்கே நடந்துகொண்டிருந்தது. ஜாகிர் உசேன் கமிட்டி போட்ட பாடத்திட்டத்தில் நூற்பு, நெசவோடு ஓவியமும் இசையும் இருந்தன என்பதைப் பல பேர் மறந்துட்டோம். தேவி பிரசாத் 1962 வரை அங்கே கிராமத்துப் பிள்ளைகளோட வேலை செய்தார். எல்லாரையும் ஓவியர் ஆக்கறது அவர் நோக்கம் இல்லை. பார்க்கவும் உணரவும் தெரிஞ்ச மனுஷனை உருவாக்கறதுதான். பின்னாடி அந்த அனுபவத்தைப் புத்தகமாவும் எழுதினார்.

*

அப்போ இது ஏன் நம்ம ஊர்த் தொடக்கப் பள்ளியில் வேர் பிடிக்கலை?

காசு, ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்டு. ஆனா எனக்கு இன்னொன்றும் தோணுது. 1953இல் ராஜாஜி கொண்டு வந்த திட்டம். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாளுக்கு மூணு மணி நேரம்தான் படிப்பு. மிச்ச நேரம் வீட்டுத் தொழில், கைத்தொழில். 'குலக்கல்வி' என்று பெரியாரும் திமுகவும் எதிர்த்து, 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது நியாயம்தான். அப்பன் செஞ்ச வேலையைத்தான் மகன் செய்யணும்னா அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு? ஆனா அதோட சேர்ந்து, 'பள்ளியில் கையால் செய்யறது' என்றாலே ஒரு சந்தேகம் நம்ம மனசில் ஒட்டிக்கிச்சோ என்று நினைக்கிறேன். முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போற பிள்ளையோட அப்பா "எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுங்க, களிமண்ணு எங்க வீட்லயே இருக்கு" என்றால் அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. (இது என் ஊகம்தான். மாற்றுக் கருத்து இருந்தா அடிச்சு ஆடுங்க.)

பிறகு வந்த காகிதங்களைப் பாருங்க. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயம் வேணும் என்றது. 2009 கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு, அதுவும் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்தால், பகுதி நேரப் பயிற்றுநர் என்றது. 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து. மாசம் 5,000 ரூபாய், வாரம் மூணு அரை நாள். நிரந்தரம் கேட்டு அவங்க போராடினது தனிக் கதை.

கவனிச்சீங்களா? ஒன்று முதல் ஐந்து வரைக்கும் தனியா யாரும் இல்லை. குழந்தை எதையும் பயமில்லாமல் வரையற வயசு எதுவோ, அந்த வயசுக்கு ஆளே கிடையாது. 'எனக்கு வராது' என்று முடிவு பண்ணின பிறகு ஆறாம் வகுப்பில் டிராயிங் மாஸ்டர் வர்றார். 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் வந்தப்போ பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, சுவரில் கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதினாங்க, வரைஞ்சாங்க. கைக்கு எட்டுற உயரத்தில் ஒரு பலகை! சின்ன விஷயமாத் தெரியும். சின்னது இல்லை.

*

பொண்ணோட டீச்சரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடற மூடில்தான் போனேன். அவங்க, "சார், எல்லாப் பாடமும் நான்தான் எடுக்கறேன். நோட்டுல திருத்தம் இல்லேன்னா இன்னொரு பேரண்ட் வந்து கேட்பாங்க" என்றாங்க. பேச ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்துட்டேன்.

அப்பாகிட்டே இந்தக் கதையெல்லாம் சொன்னேன். 23 படி சங்கதியைக் கேட்டுச் சிரிச்சார். "அப்போ தப்பு என் மேல மட்டும் இல்லேங்கறே" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா பார்த்து வரையறதும் வேணும்டா. கண்ணு பழகணும். முதல்லயே அதைக் கொடுத்துட்டோம், அதான் தப்பு" என்றார். முப்பது வருஷ அனுபவம், நான் எதிர்த்துப் பேசலை.

இப்போ மொட்டை மாடியில் சாயங்காலம் ஒரு டப்பா சாக்பீஸோட இரண்டு பேரும் உட்கார்றாங்க. அவர் எதுவும் போடறதில்லை, பார்த்துக்கிட்டு மட்டும் இருக்கார். முதல் நாலு நாள் அவ கோடு கூடப் போடலை. "நீங்க போடுங்க தாத்தா, நான் பார்த்துப் போடறேன்" என்றே கேட்டுக்கிட்டிருந்தா. அஞ்சாம் நாள் ஒரு பூனை வந்தது. ஆறு கால். அப்பா ஏன்னு கேட்கலை. "ஓடுது தாத்தா" என்று அவளே சொன்னா.

உங்க டிராயிங் மாஸ்டர் பேர் ஞாபகம் இருக்கா? இருந்தா அவரைப் பற்றி ஒரு பதிவு போடுங்களேன். எங்க அப்பாவுக்குப் படிச்சுக் காட்டறேன்.

டிஸ்கி: பீரியடைக் கடன் வாங்கின கணக்கு வாத்தியார்கள் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எனக்குக் கணக்கும் வரலை என்பது வேற விஷயம் :-)