தொண்ணூற்றொன்பது ஆடுகளும் ஓர் ஆடும்

திருமறையின் ‘ஸாத்’ அத்தியாயத்திலே, நபி தாவூது (அலை) அவர்கள் முன்னிலையில் இருவர் வழக்குரைத்த வரலாறு வருகிறது. ஒருவனிடம் தொண்ணூற்றொன்பது ஆடுகள். மற்றவனிடம் ஒன்றே ஒன்று. கூட்டாளிகளுள் பலர் ஒருவருக்கொருவர் வரம்பு மீறுவர் என்னும் எச்சரிக்கையும் அவ்விடத்தேதான் எழுகிறது. பங்கு பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகும் என்பது நாம் அதிலிருந்து கொள்ளத்தக்க பாடம். இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு, நம் அம்பத்தூர் மண்ணில் வேரூன்றிய வாணிபக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை நோக்குவோமாக.

திவான் பகதூர் அ.மு. முருகப்பச் செட்டியார் 1900ஆம் ஆண்டில் பர்மாவின் மோல்மேன் நகரிலே லேவாதேவித் தொழில் தொடங்கினார். 1930களில் அக்குடும்பத்தார் தம் முதலைத் தாயகத்திற்குக் கொணர்ந்தனர். 1949இல் ஆங்கிலேயக் கம்பெனியொன்றின் கூட்டுறவுடன் அம்பத்தூரில் சைக்கிள் தொழில் நிறுவப்பெற்றது; 1955இல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை எழுந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் ஏறாத ஊர்ச்சாலை தமிழகத்தில் இல்லை எனலாம்.

தொழில்கள் பல்கியபோது, குடும்பப் பங்குகளைத் தாங்கும் அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் கம்பெனி முதன்மை பெற்றது. அது பங்குச் சந்தைக்கு வராதது. கிளைக் கம்பெனிகளின் பங்குகளை வேர்போலிருந்து பற்றியிருப்பது அதுவே. ஆதலின் அதன் இயக்குநர் குழுவில் அமர்வோரே குடும்பச் சொத்தின் போக்கை அறிவோரும் வகுப்போரும் ஆவர்.

நிறுவனரின் பேரர் எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தார். மனைவியும் இரு பெண்மக்களுமே அவருடைய வாரிசுகள். அவர்களிடம் அம்பாடியில் எட்டு விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம், இயக்குநர் குழுவில் இடம் தருக, அன்றேல் எம் பங்கிற்கு உரிய விலை தருக எனக் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த பொதுக்குழுவில் வாக்குகளுள் 91 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அவருக்கு எதிராய் விழுந்தன. பெண் என்பதாலேயே ஒதுக்கப்பட்டேன் என்றார் அவர். பூசல் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வரை சென்று, 2023 ஆகஸ்டில் குடும்ப உடன்பாட்டால் ஓய்ந்தது.

வாக்கெடுப்பு சட்டப்படி நிகழ்ந்ததே. பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது இருத்தல் வேண்டும் என 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தது; ஆனால் சந்தைக்கு வராத குடும்பக் கம்பெனியை அவ்விதி அதே அளவில் எட்டுவதில்லை. அங்கே எண்ணிக்கையே தீர்ப்பு. எண்ணிக்கை ஒரு கேள்விக்கு முடிவு சொல்லும். உறவினரின் மனக்குறையைத் தீர்க்காது. அதனைத் தீர்க்க மூன்றாண்டுகளுக்குப் பின் உடன்பாடுதான் வேண்டியிருந்தது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதற்கு வழி கண்டுள்ளன. வாரிசுகளுள் ஒருவர், இருதரப்பும் மனமொப்பி, ஈடு பெற்று விலகுவதற்குத் ‘தகாருஜ்’ என்று பெயர். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்களின் துணைவியருள் ஒருவரான துமாளிர் (ரலி) அவ்வாறு பெருந்தொகை பெற்று விலகியதை ஹனஃபி நூலோர் சான்று காட்டுவர். உள்ளே இருப்பவருக்கு மஷூரா; விலகுபவருக்கு நியாயமான ஈடு. இரண்டையும் மறுப்பது கூட்டுறவாகாது.

பிறர் வீட்டுக் கதையென இதனைப் படித்து நாம் பெருமிதம் கொள்ள இடமில்லை. பெண்ணுக்குப் பாகம் உண்டென ‘அந்நிஸா’ அத்தியாயம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விதித்துவிட்டது. ஆயினும் நம் கடைகளிலும் தோல் மண்டிகளிலும் நடப்பதென்ன? வாப்பா மௌத்தான நாற்பதாம் நாள் முடியுமுன் சகோதரியின் முன் தாள் நீட்டப்படுகிறது. “கலியாணத்தில் நகை போட்டோமே” என்கிறோம். கணக்கேடு அவள் கண்ணில் படுவதில்லை. அவளும் அண்ணன் வீட்டு வாசல் அடைபடுமே என்றஞ்சிக் கையொப்பமிடுகிறாள். அச்சத்தில் இட்ட கையொப்பம் மனமொப்பிய விலகலாகுமா?

அந்தக் குடும்பத்தில் மகள் கேட்டாள், உலகம் அறிந்தது. நம் வீடுகளில் அவள் கேட்பதே இல்லை. கேளாத பங்கும் நம் கையிலுள்ள அமானிதமே. அதனை உரியவரிடம் சேர்க்கும் மனத்திட்பத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.