வேகம் நெறிமுறையிலா, பாதையிலா? கைப்பேசி வலையமைப்புகளில் ஐபிவி4, ஐபிவி6 ஒப்பீடு

இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐபிவி6 வழியாக இணையதளங்கள், பழைய ஐபிவி4-ஐவிட விரைவாகத் திறக்கின்றன என்பதற்குப் பெருநிறுவனங்களின் அளவீடுகளே சான்றாகக் காட்டப்படுகின்றன. தன் தளம் அவ்வழியில் 10 முதல் 15 விழுக்காடு வரை விரைவாகக் கிடைக்கக்கூடும் என்று ஃபேஸ்புக் 2015-இல் கூறியது. இணைப்பு ஏற்படும் வேகம் 1.4 மடங்கு என்று ஆப்பிள் 2020-இல் அறிவித்தது. இந்த எண்களில் எனக்கு ஐயமில்லை. அவற்றை நெறிமுறையின் இயல்பாகவே கொள்வதுதான் பிழை. ஐபிவி6 பொட்டலத்தின் தலைப்பகுதி 40 பைட். ஐபிவி4-க்குப் பெரும்பாலும் 20 பைட் போதும். ஐபிவி6 சரிபார்ப்பு எண்ணை நீக்கியதால் ரவுட்டருக்கு மிச்சமாகும் வேலையும் இன்றைய வன்பொருளில் பொருட்படுத்தத் தக்கதன்று. ஒரே பாதையில் இரண்டையும் ஓடவிட்டால் புதியது முந்துவதற்கு முகாந்திரமே இல்லை.

வேறுபாடு பாதையில் இருக்கிறது. ஐபிவி4-இன் 32 பிட் முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் முகவரிப் பதிவகமான ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. திறன்பேசிகள் கோடிக்கணக்கில் பரவியதும் அதே காலத்தில்தான். கைப்பேசிக்கு ஒரு பொது முகவரி கொடுக்க வழியில்லாத சேவை நிறுவனங்கள், ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் முகவரி மாற்றிகளின் பின்னால் வாடிக்கையாளர்களை நிறுத்தின. ஐபிவி4 பொட்டலம் முதலில் அந்த மாற்றிக்குச் செல்ல வேண்டும். அது தொலைவிலுள்ள நகரில் இருந்தால், பக்கத்திலுள்ள சர்வரை அடையவும் சுற்றுவழிதான். ஐபிவி6 பொட்டலத்துக்கு இந்தச் சுற்று வேண்டியதில்லை. 2016-இல் 4ஜி சேவை தொடங்கிய ஜியோ ஐபிவி6-ஐ முதலிலிருந்தே கொண்டுவந்ததற்கு இந்த முகவரிப் பஞ்சமே பின்புலம். அமெரிக்காவின் டி-மொபைல் இன்னும் ஒரு படி சென்றது: அங்கே ஐபிவி4 பொட்டலம் கைப்பேசிக்குள்ளேயே ஐபிவி6 ஆக மாறி, நிறுவனத்தின் எல்லையில் மீண்டும் பழைய வடிவம் பெறுகிறது. அவ்விடத்தில் ஐபிவி4-இன் வேகம் என்று அளக்கப்படுவது, உண்மையில் ஐபிவி6-உடன் இரண்டு மாற்றங்களைச் சேர்த்த வேகம்.

இந்த ஒப்பீடே கோணலானது என்று மறுப்பவர்கள் உண்டு; அவர்கள் சொல்வதில் பாதி சரி. பழைய கைப்பேசிகளும் பழைய வலையமைப்புகளும் ஐபிவி4 பக்கமே சேர்கின்றன. உலாவிகள் ஐபிவி6-ஐ முதலில் முயன்று, கால் வினாடி அளவில் பதில் வராவிட்டால் ஐபிவி4-ஐயும் முயல்கின்றன. இதனால் பழுதான ஐபிவி6 இணைப்புகள் கணக்கிலிருந்தே நழுவிவிடலாம். தொடக்கத்திலேயே தோற்கும் இணைப்புகள் ஐபிவி6-இல் கூடுதல் என்பதை ஏப்னிக்கின் ஜெஃப் ஹூஸ்டன் பலமுறை காட்டியிருக்கிறார். ஆகவே ஒரே கருவி, ஒரே சர்வர், ஒரே நேரம் என்று வைத்து, தோல்விகளையும் எண்ணியாக வேண்டும். அப்படி அளந்தாலும் சுற்றுவழி சுற்றுவழிதான். முகவரி மாற்றி தொலைவில் உள்ள வலையமைப்பில் இடைவெளி நிற்கும், மாற்றியே இல்லாத இடத்தில் மறையும். மாற்றியை அருகில் கொண்டுவந்தால் போதாதா என்றால், தாமதம் குறையும். ஆனால் ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்கும் அட்டவணைச் செலவு நீங்காது. அட்டவணைப் பதிவு காலாவதியாகாதிருக்கக் கைப்பேசி அடிக்கடி விழித்துச் செய்தி அனுப்பி மின்கலத்தையும் கரைக்கிறது. ஐபிவி6-க்கும் தீயரண் வைக்கும் நிறுவனங்களில் மின்கலம் மிச்சமாகும் இந்த நன்மை சுருங்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனவே, பாதையையும் மாற்றி இருக்கும் இடத்தையும் சொல்லாத வேக ஒப்பீட்டை ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது. இன்னும் ஐபிவி4-இல் மட்டுமே தளம் நடத்துவோர், அந்தச் சுற்றுவழியின் தாமதத்தைத் தம் கைப்பேசி வாசகர்கள் மீது சுமத்துகிறார்கள். அதை நீக்குவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.