ஏவி1

உரிமத்தொகை கேட்காத காணொளிச் சுருக்க வடிவம். 2018 மார்ச்சில் திறந்த ஊடகக் கூட்டணி வெளியிட்டது. கூகுள், மோசில்லா, நெட்பிளிக்ஸ், சிஸ்கோ உள்ளிட்ட 7 நிறுவனங்கள் 2015இல் தொடங்கிய கூட்டணி இது.

அதற்கு முன் கோலோச்சியது 2003இல் வந்த எச்.264. காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்தாலும் கட்டணத்தைப் பெரும்பாலும் ஒரே இடத்தில் கட்டிவிடலாம். இலவச மென்பொருளுக்குத்தான் திண்டாட்டம்: படி ஒன்றுக்கு இவ்வளவு என்றால், எண்ணிக்கையே இல்லாமல் பகிரப்படும் மோசில்லாவின் பயர்பாக்ஸ் உலாவி எதைக் கட்டும்? 2013இல் சிஸ்கோ தன் ஓப்பன் எச்.264 நிரலைத் திறந்து, உரிமத்தொகையைத் தானே ஏற்றது. ஆனால் சிஸ்கோ தொகுத்துத் தரும் கோப்புக்கே அந்தச் சலுகை. அதனால் பயர்பாக்ஸ் இன்றும் அதைத் தனியே இறக்கிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான ஒட்டுவேலை, தீர்வல்ல.

அடுத்து வந்த எச்.265க்குக் கட்டணம் கேட்டு ஒன்றுக்கு மேற்பட்ட காப்புரிமைத் தொகுப்புகள் முளைத்தன. மொத்தச் செலவைக் கணிக்க முடியாத அந்தக் குழப்பமே போட்டியாளர்களை ஒன்றுசேர்த்தது எனலாம். கூகுளின் விபி10, மோசில்லாவின் டாலா, சிஸ்கோவின் தோர் ஆகியவற்றின் நுட்பங்கள் கலந்து ஏவி1 உருவானது. தொடக்கத்தில் குறியாக்கம் ஆமை வேகம். 2019இல் சிஸ்வெல் நிறுவனம் ஏவி1க்கும் காப்புரிமைத் தொகுப்பு அறிவித்தது. கூட்டணி அதை ஏற்கவில்லை.