கடலடி அடையல்களும் இலங்கையின் உரிமைக் கோரிக்கையும்

கடல் என்றதும் மீன்வளமும் துறைமுகங்களும் கப்பற் பாதைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதன் அடியிலே இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் சேற்றையும் மணலையும் எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், இலங்கையின் தரைப்பரப்பைவிடப் பன்மடங்கு விரிந்த ஒரு கடலடிப் பிரதேசம் இந்நாட்டுக்கு உரித்தாகுமா என்ற வினாவுக்கான விடை, அங்கு படிந்துள்ள அடையலின் தடிப்பிலேயே தங்கியுள்ளது. எனவே, கடலடி பற்றிய விஞ்ஞான அவதானிப்பை ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய விடயமாக நாம் கருதிவிட முடியாது.

இத்துறைக்கு வழிவகுத்தது பிரித்தானியாவின் சலஞ்சர் கப்பல் மேற்கொண்ட பயணமாகும். சுமார் 550 மீற்றருக்குக் கீழே உயிரினங்கள் வாழ முடியாது என்ற கருத்து 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எட்வர்ட் போர்ப்ஸ் என்ற அறிஞரால் முன்வைக்கப்பட்டிருந்தது. 1872 டிசம்பரில் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டு 1876 மே மாதம் நாடு திரும்பிய சலஞ்சர், ஏறத்தாழ 4,700 புதிய உயிரினங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அக்கப்பல் அள்ளிவந்த சேற்றை ஆராய்ந்த ஜோன் மரே, மேல்நீரில் வாழ்ந்து மடிந்த நுண்ணிய உயிர்களின் ஓடுகளே ஆழ்கடல் அடையலின் பெரும்பகுதியாக இருப்பதை விளக்கினார். கடல்வாழ் உயிர்களையும் கடலடிச் சேற்றையும் பிரித்து ஆராய இயலாது என்பது அன்றே தெளிவாயிற்று.

வங்காள விரிகுடாவின் நிலை சற்று வேறானது. இமயமலையிலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் அரித்துவரும் மண் இங்கு உலகின் மிகப் பெரிய கடலடி விசிறியாகப் பரந்துள்ளது. சுமார் 3,000 கிலோமீற்றர் நீளமான இவ்விசிறி இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பாலும் கடந்து தெற்கே நீள்கின்றது. 1987 ஆம் ஆண்டு சர்வதேச ஆழ்கடல் துளையிடற் திட்டத்தின் கீழ் இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தொலைவில் கடலடி துளையிடப்பட்டபோது, சுமார் 170 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே இமயத்து மண் அங்கு வந்து சேர்ந்திருந்தமை தெரியவந்தது. துளையிடாத இடங்களிலே, கப்பலிலிருந்து ஒலியலைகளைச் செலுத்தி, அவை அடுக்குகளிற் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தடிப்பு கணிக்கப்படுகின்றது.

இக்கணிப்பே சட்டத்தின் அளவுகோலாகவும் உள்ளது. 1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட சமவாயத்தின்படி, 200 கடல் மைலுக்கு அப்பாலும் கண்டமேடைக்கு உரிமை கோரலாம். அதற்கான பொது விதிகளுள் ஒன்று, கண்டச் சாய்வின் அடிவாரத்திலிருந்து உள்ள தூரத்தின் 1 சதவீத அளவுக்கேனும் அடையல் தடித்திருக்க வேண்டும் என்பதாகும். அதாவது, 300 கிலோமீற்றர் தொலைவில் 3 கிலோமீற்றர் தடிப்பு வேண்டும். மிக ஒடுங்கிய மேடையும் அதற்கப்பால் பெருமளவு அடையலும் கொண்ட இலங்கைக்கு இவ்விதி அநீதியானது என்பது உணரப்பட்டது. எனவே வங்காள விரிகுடாவின் தென்பகுதிக்கென, அடையல் 1 கிலோமீற்றருக்குக் குறையாத இடம்வரை எல்லை வகுக்கும் விசேட ஏற்பாடு மாநாட்டின் இறுதி ஆவணத்தில் இணைக்கப்பட்டது. 1980 இல் காலமாகும்வரை அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க என்பது இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது.

இதனடிப்படையில் 2009 மே 8 ஆம் திகதி இலங்கை தனது கோரிக்கையை ஐ.நா. ஆணைக்குழுவிடம் சமர்ப்பித்தது. 15 ஆண்டுகள் கடந்து, 2024 இலும் அது பரிசீலனையிலேயே இருந்தது. இதற்கிடையில், கோபால்ட் நிறைந்த படிவுகளைக் கொண்ட அபனாசி நிகிட்டின் கடலடி மலைப் பகுதியை ஆராய்வதற்கு இந்தியா 2024 ஜனவரியில் சர்வதேச கடலடி அதிகாரசபையிடம் விண்ணப்பித்தது. அப்பகுதி இலங்கையின் கோரிக்கைக்குள்ளும் அடங்குவதனால் விவகாரம் மேலும் சிக்கலடைந்துள்ளது. கோரிக்கை ஏற்கப்பட்டாலும் அங்குள்ள நீரில் நீந்தும் மீன்கள் நமக்கு உரித்தாகா. கடலடிக் கனியங்களும் அடியோடு ஒட்டி வாழும் உயிர்களுமே உரித்தாகும்.

உரிமை கிடைத்தவுடன் அகழ்ந்தெடுத்துவிடலாம் என்று எண்ணுவோர் பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள பசுபிக் கடலில் நடந்த பரிசோதனையை அறிந்துகொள்ள வேண்டும். 1989 இல் ஜேர்மன் விஞ்ஞானிகள் அங்கு சுமார் 4,150 மீற்றர் ஆழத்தில் கலப்பை போன்ற ஒரு கருவியை 78 தடவைகள் இழுத்து, அகழ்வினால் ஏற்படக்கூடிய விளைவை அவதானித்தனர். 26 ஆண்டுகளின் பின்னர், 2015 இல், சொன்னே என்ற ஆய்வுக் கப்பல் அவ்விடத்துக்குச் சென்றபோது உழுத தடங்கள் அழியாமலே இருந்தன. அடையலில் வாழும் நுண்ணங்கிகளின் செயற்பாடு வழமைக்குத் திரும்புவதற்குக் குறைந்தது 50 ஆண்டுகளாவது செல்லும் என ஆய்வாளர்கள் கணித்தனர். உழுவதற்கு முன்னரே அவ்விடத்தின் உயிர்கள் கணக்கிடப்பட்டிருந்தமையாலேயே இழப்பின் அளவை அறிய முடிந்தது.

நமது கடலில் அத்தகைய முற்கணிப்புக்குப் பெரும்பாலும் பிறநாட்டுக் கப்பல்களையே நாம் எதிர்பார்த்து நிற்கின்றோம். 2018 இல் நோர்வேயின் நான்சன் கப்பல் நமது மீன்வளத்தை ஆராய்ந்தது. 2023 ஒக்டோபரில் சீனாவின் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. அதனையடுத்து 2024 ஆம் ஆண்டு முழுவதற்கும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. வல்லரசுகளின் போட்டிக்குள் சிக்கிக்கொள்ளாதிருக்க அத்தீர்மானம் உதவியிருக்கலாம். ஆனால் தடையினால் அறிவு வளர்ந்துவிடாது.

எந்தக் கப்பல் வந்தாலும் நமது விஞ்ஞானிகள் அதிற் பங்கேற்பதும், திரட்டப்படும் தரவுகள் முழுமையாக இந்நாட்டை வந்தடைவதும் நிபந்தனையாக்கப்பட வேண்டும். 1981 ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட நாரா நிறுவனத்துக்குப் போதிய கப்பல் வசதியும் நிதியும் வழங்கப்பட வேண்டும். வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கும் இத்துறையிற் பயிற்சி கிட்ட வேண்டும். தன் கடலடியில் என்ன இருக்கிறது என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நாடு, அதன் பொருட்டு நடைபெறும் பேச்சுவார்த்தை மேசையில் வலுவாகப் பேச முடியாது என்பதை ஆட்சியாளர்கள் மனங்கொள்வது அவசியமாகும்.