தென்னந்தோட்டமும் தேசாந்தர ஆலையும்

பளைத் தென்னை நிழலில் வளர்ந்த நாம், இப்பெருந்தோட்டங்கள் எவர் தேவைக்காக எழுந்தன என்று சிந்தித்ததுண்டா?

இங்கிலாந்தில் கைத்தொழிற் புரட்சி ஓங்கியது. சவர்க்காரத்துக்கும் மெழுகுவர்த்திக்கும் எண்ணெய் ஏராளமாக வேண்டியதாயிற்று. இலங்கையிலோ 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரிய காணிகள் எனக் கொண்டது. அப்பத்தாண்டிலேயே ஐரோப்பியத் துரைமார் பச்சிலைப்பள்ளியில் தென்னந்தோட்டங்களைத் திறந்தனர். தேங்காய் பறித்தவனும் உரித்தவனும் கூலியாளாயினர். விலையைத் தூரத்துச் சந்தை தீர்மானித்தது. 1905 இல் நிறைவுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதை பளையைக் கொழும்போடு இணைத்தது. இலாபம் போகும் திசையை மாற்றவில்லை.

யுத்தத்தில் தலையிழந்த தென்னைகளின் இடத்தே இன்று கன்றுகள் நடுகிறோம். இளைஞர்களே! கன்று நட்டால் மட்டும் போதாது. எண்ணெயும் தும்பும் இங்கேயே உருவாகி, உழைப்பவனே விலை கூறும் நிலை வரவேண்டும். அதுவே இவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.