மலையகத்தில் பியர் காய்ச்சிய கதை

திம்புள்ள என்றதும் உலகெங்கும் உள்ளவர்களுக்கு நினைவுக்கு வருவது தேயிலைதான். அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே விரிந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் பெயர், லண்டன் கடைகளின் தேயிலைப் பெட்டிகளில் நூறாண்டுகளுக்கு மேலாக அச்சாகி வந்திருக்கிறது. ஆனால், அதே மலைகளில் கொதித்த இன்னொரு பாத்திரமும் உண்டு. அது பியர் காய்ச்சிய பாத்திரம். அதன் வரலாற்றைத் தமிழில் எழுதியோர் மிகச் சிலரே. எழுதியவர்களும் தொழிற்சாலையோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இன்று மேலைநாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. புலம்பெயர்ந்த நம்மவர் சிலரும் அதில் இறங்கியிருக்கக்கூடும். அவர்கள் பெரிதும் விரும்பும் முறை, ஒரே பாத்திரத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை தானியத்தைக் கொண்டே காய்ச்சுவது. 2000களில் அவுஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சுநர்களிடையே பரவிய இந்த முறையில் தானியம் ஒரு துணிப்பையில் இருக்கும். வேலை முடிந்ததும் பையைத் தூக்கி வடியவிட்டு விடுவார்கள். இதை ஏதோ புதுமை என்று எண்ணுபவர்கள் பத்துப்பாட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறை படிப்படியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற தட்டில் அதை ஆற வைக்கிறார்கள். உரைகாரர்கள் முளை என்று பொருள் கொள்ளும் ஒன்றை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயுடைய சாடியில் முதிரவிடுகிறார்கள். அதன்பின் பிழிந்து எடுக்கிறார்கள். வீட்டில் ஆக்கும் தோப்பி என்ற மதுவும் அதே நூலில் வருகிறது. தானியத்தின் மாப்பொருளை முளையின் துணையால் இனிப்பாக்கி, அந்த இனிப்பை நொதிக்கவைப்பதுதான் பியர் என்றால், தமிழர் பியரைப் பிரித்தானியரிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. இது பழம்பெருமைக்காகச் சொல்வதன்று. பின்னால் வரும் கதைக்கு இந்த உண்மை வேண்டியிருக்கிறது.

இனி நுவரெலியாவுக்கு வருவோம். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு ஐரோப்பாவுக்கு அறிவித்துப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் பிற்பகுதியில் காய்ச்சலுக்குப்பின் உடல் தேற நுவரெலியாவுக்கு வந்தவர். அந்தக் குளிரில் மயங்கிய அவர், 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கொண்டுவந்து ஒரு சிறு ஆங்கிலக் கிராமத்தையே அங்கு நிறுவ முனைந்தார். குடிவெறியில் இருந்த குதிரைக்காரன் இறம்பொடைக் கணவாயில் வண்டியைக் குதிரைகளோடு பள்ளத்தில் விட்ட கதையை அவரே தம் நூலில் நகைச்சுவையாக எழுதியிருக்கிறார். மலையில் முதன்முதலில் பியர் காய்ச்சியவரும் பேக்கர்தான் என்று நுவரெலியாவில் சொல்லப்படுவதுண்டு. அவர் 1855இல் இலங்கையை விட்டுச் சென்றார்.

திட்டமான வரலாறு 1881இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் நுவரெலியாவில் தோன்றிய மதுசாலையே பிற்காலத்து இலங்கை பியர்த் தொழிலின் தாய்வீடு. அது குடிசைத் தொழிலாகத் தொடங்கியது என்று அந்தத் தொழிலின் வரலாறே கூறுகிறது. ‘லவர்ஸ் லீப்’ அருவிப் பக்கத்து ஊற்றுநீரே அதற்கு ஆதாரம்.

ஏன் நுவரெலியா? காரணம் எளிது: குளிர். பியர் நொதிக்கும்போது சூடு மிகுந்தால் சுவை கெடும், விரைவில் புளிக்கும். குளிரூட்டும் இயந்திரம் பரவலாகாத காலத்தில் வெப்பநாடுகளில் பியர் காய்ச்ச ஒரே வழி மலையேறுவதுதான். இன்றைய பாகிஸ்தானின் மரீ, இமாசலத்தின் கசௌலி, நீலகிரியின் உதகமண்டலம் ஆகிய மலைவாசத் தலங்களில் எல்லாம் மதுசாலைகள் எழுந்தது இதனால்தான். 1860இல் தொடங்கிய மரீ மதுசாலையின் நிருவாகிகள் பின்னர் உதகமண்டலத்திலும் நுவரெலியாவிலும் இருந்த மதுசாலைகளில் பங்கு வாங்கினார்கள் என்பது இந்த மலைகளுக்கிடையே இருந்த தொடர்பைக் காட்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். இங்கிலாந்துப் பாணிப் பியருக்கு ஏறத்தாழ இதுவே உகந்தது.

இரண்டாவது காரணம் வாடிக்கையாளர்கள். 1869இல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் திம்புள்ளயின் கோப்பி மலைகள் தேயிலை மலைகளாக மாறின. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. துரைமார் பெருகினார்கள்; அவர்களுடைய விளையாட்டு மன்றங்களும் பெருகின. அதுவரை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பியர், மாட்டுவண்டியிலும், வண்டிப்பாதை முடிந்த இடத்துக்கு அப்பால் கூலித் தொழிலாளரின் தலையிலும் ஏறி மலைக்கு வந்தது. அந்தச் சுமையைத் தூக்கியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நடந்து வந்த நம் முன்னோர்தான்.

அந்த முன்னோர் என்ன குடித்தார்கள்? இந்தக் கேள்வியில்தான் கதை இரண்டாகப் பிரிகிறது. துரைக்குப் பியர், தொழிலாளிக்குச் சாராயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயம் விற்கும் உரிமையைக் குடியேற்ற அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. தோட்டங்கள் பெருகப் பெருகத் தவறணைகளும் பெருகின. லயத்தில் வாழ்ந்தவர்களின் கூலியில் ஒரு பகுதி தவறணைக்குப் போனது; அங்கிருந்து குத்தகைக்காரருக்கும் அரசுக்கும் போனது. இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கம் தன் முதல் மூலதனத்தைத் திரட்டியதில் சாராயக் குத்தகைக்கு முதன்மையான இடம் உண்டு என்பதை ஆய்வாளர் குமாரி ஜயவர்தன விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். கொழும்பின் மாளிகைகள் சிலவற்றின் அத்திவாரத்தில் மலையகத் தொழிலாளியின் செப்புக்காசும் கிடக்கிறது என்று இதிலிருந்து நாம் கொள்ளலாம்.

அடுத்து வந்தது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். உரிமம் இன்றி மதுவகை எதையும் உற்பத்தி செய்வது அதன்படி குற்றம். சட்டத்தின் வாசகத்தில் துரை என்றோ தொழிலாளி என்றோ பேதமில்லை. ஆனால் உரிமம் பெறும் வசதி யாருக்கு இருந்தது என்று கேட்டால் பேதம் தெரிந்துவிடும். நுவரெலியாவில் வாற்கோதுமையைக் கொதிக்கவைத்த பாத்திரம் தொழில் முயற்சி எனப்பட்டது. லயத்தின் பின்புறம் மண்ணில் புதைத்த பானை வழக்கானது. பேக்கர் முன்னோடி ஆனார். பானைக்குரியவன் எதிரி ஆனான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கசிப்பை நியாயப்படுத்துவது என் நோக்கமன்று. சீனியையும் ஈஸ்டையும் நீரில் ஊறவைத்த கலவையைத்தான் ‘கோடா’ என்கிறோம். அதைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு. வடிக்கும்போது மதுசாரம் பன்மடங்கு செறிவாகிறது. கள்ளத்தனமாக வடிப்பவர் எதைக் கலக்கிறார் என்பதைக் குடிப்பவர் அறியார். தோட்டங்களில் எத்தனை குடும்பங்களை அது குலைத்தது என்பதை அந்த மக்களோடு பழகிய எவரும் அறிவர். அடியும் பசியும் பட்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். ஆனால் பியரும் தோப்பியும் வடிக்கப்படுவன அல்ல, நொதிக்கவிட்டு அருந்தப்படுவன. நொதிப்பதையும் வடிப்பதையும் ஒரே தட்டில் வைத்து, மலையகத் தமிழனின் பானை என்றாலே கசிப்பு என்று எண்ணும் பழக்கம் எப்படி வந்தது? மென்மையான மது விலை உயர்ந்து பங்களாவுக்குப் போனது. கடுமையான மது மலிந்து லயத்துக்கு வந்தது. அந்தப் பழக்கத்தின் வேர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பியருக்கு வேண்டிய கைத்தேர்ச்சி தேயிலைத் தொழிற்சாலையில், தோட்டத்து மொழியில் சொன்னால் ‘ஸ்டோரில்’, ஏற்கெனவே இருந்தது. வாட்டிய கொழுந்தை உருட்டியதும் அதன் நொதியங்கள் வேலைசெய்யத் தொடங்கும். அதை நொதித்தல் என்று தொழிலில் சொன்னாலும் உண்மையில் அது ஒட்சியேற்றம். நிறத்தையும் மணத்தையும் பார்த்துச் சரியான தருணத்தில் சூடேற்றி நொதியங்களை அடக்குவதுதான் டீமேக்கரின் வித்தை. பியரிலும் இதே கணக்கு. வாற்கோதுமையை ஊறவைத்து, முளைக்கவிட்டு, நொதியம் அழியாதபடி மெல்ல உலர்த்துவார்கள். அதுதான் மோல்ட். அதை நெரித்து 66 பாகை அளவு வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கும். சூடு 75 பாகையைத் தாண்டினால் அவை செயலிழக்கும். சூட்டின் பதம் அறிந்த கைகள் திம்புள்ளயில் ஆயிரக்கணக்கில் இருந்தன. துரையின் குவளைக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அந்தக் கைகளுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருந்து இதைத் தொடங்க விரும்புவோருக்கு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து லீற்றர் பியருக்கு நெரித்த மோல்ட் ஒன்றேகால் கிலோ, நீர் எட்டு லீற்றர், பன்னிரண்டு லீற்றர் கொள்ளும் ஒரு பாத்திரம், ஒரு துணிப்பை, ஒரு வெப்பமானி போதும். நீரை 69 பாகைவரை சூடாக்கிப் பையோடு மோல்ட்டை இறக்கினால் சூடு 66 பாகையளவில் நிற்கும். பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பின் பையைத் தூக்கி வடியவிட்டு, ஹொப்ஸ் பூ பன்னிரண்டு கிராம் அளவு சேர்த்து இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். குளிர்நீர்த் தொட்டியில் வைத்து 20 பாகைக்கு ஆற்றி, கிருமிநீக்கிய கலத்துக்கு மாற்றி ஈஸ்ட் இட்டு, இரண்டு வாரம் விட வேண்டும். நொதித்தல் முற்றாக ஓய்ந்தபின், லீற்றருக்கு ஆறு கிராம் சீனியோடு போத்தலில் அடைத்து மேலும் இரண்டு வாரம் வைக்கலாம். ஓயுமுன் அடைத்தால் போத்தல் வெடிக்கும். கொதிநிலைக்குப்பின் தொடும் எல்லாப் பாத்திரமும் சுத்தமாக இருக்க வேண்டும். உயரமான இடங்களில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகைக்கு அருகே. அதனால் ஹொப்ஸின் கசப்பு குறைவாகவே இறங்கும், சற்றுக் கூடுதலாக இட வேண்டும்.

வீட்டுப் பானையைச் சட்டம் நடத்திய விதம் நாட்டுக்கு நாடு மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மோல்ட் வரியை நீக்கிப் பியருக்கு வரி விதித்தபோது வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் பெற வேண்டியதாயிற்று. அது 1963இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுப் பியருக்கு மத்திய அரசின் தடையை அகற்றியது. சிங்கப்பூர் 2004இல் வீட்டுக்கு மாதம் 30 லீற்றர் என வரம்பிட்டு அனுமதித்தது. இம்மூன்றிலும் காய்ச்சி வடிப்பது வேறாகவே வைக்கப்பட்டது. நொதித்தலை மட்டும் தளர்த்தினார்கள். இலங்கையிலோ 1912இன் சட்டம் திருத்தங்களோடு தொடர்கிறது. உரிமமின்றிக் காய்ச்சுவது இன்றும் குற்றமே. ஆகவே இலங்கையில் இருந்து இதை வாசிப்போர் மேற்சொன்ன முறையை அறிவுக்காக மட்டும் கொள்க.

நுவரெலியா மதுசாலையின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். அதன் கறுப்பு ஸ்டவுட் உலகப் புகழ் பெற்றதற்கு மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலப் பியர் எழுத்தாளர் முக்கிய காரணர். பாடகர் அல்லர், 2007இல் காலமான வேறொருவர். வெளிநாட்டு மோல்ட்டும் ஹொப்ஸும் வளைந்த மலைப்பாதைகளில் ஏறிவந்து வெப்பநாட்டு மலையொன்றில் இத்தகைய பியராகின்றனவே என்று வியந்து எழுதினார். ஆனால் குளிரை இயந்திரம் தரத் தொடங்கியபின் மலைக்கு என்ன வேலை? 1990களின் பிற்பகுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகேயுள்ள பியகமவுக்கு இறங்கியது. குளிருக்காக மேலே போன தொழில், குளிரூட்டி வந்ததும் கீழே இறங்கிவிட்டது. தேயிலை அப்படி இறங்க முடியாது. அதைப் பறிப்பவர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

மலையகத்தின் மது வரலாற்றை எழுதுவோர் மதுசாலையின் செப்புக் கொப்பரையோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தக் கொப்பரைக்குச் சரக்குச் சுமந்தவர்களையும், சாராயக் குத்தகைக்குக் கூலியை இழந்தவர்களையும், நீதிமன்றப் பதிவேட்டில் மட்டுமே பெயர் விட்டுப்போன பானைக்காரர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். நீதிமன்றப் பதிவேடுகள் செல்லரிக்குமுன் அதைச் செய்ய மலையக இளம் ஆய்வாளர் எவரேனும் முன்வருவாரானால், பியர் குடிக்காதவர்களும் அந்நூலை விரும்பி வாசிப்பார்கள்.