இடாப்பில் இருந்த பெயர்கள்

‘இடாப்பு’ என்ற சொல் தமிழகத்து நண்பர்களுக்குப் புதிதாக இருக்கலாம். வகுப்பாசிரியர் காலையில் பெயர் கூப்பிடும் வரவுப் பதிவேட்டை ஈழத்துப் பாடசாலைகளில் அப்படித்தான் சொல்வோம். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் 1981இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பின் இடாப்பைப் பற்றியது இக்கட்டுரை. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு மண்டபத்தில், அறுபது வயதை எட்டிய பதினேழு பேர் ஒரு மாலையில் கூடி, அதை நினைவிலிருந்து மீண்டும் எழுத முயன்றோம். ஒன்றுகூடல் என்றால் இருக்க வேண்டிய சாப்பாடும் பழைய பாட்டும் ஆசிரியர்களின் பட்டப்பெயர்களும் குறைவின்றி இருந்தன. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியுடனான ‘பொன் அணிகளின் போர்’ துடுப்பாட்டத்தில் ஒரு பிடி பிடிக்கப்பட்டதா, நிலத்தைத் தொட்டதா என்ற வழக்கும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மறுவிசாரணைக்கு வந்தது. அதன் தீர்ப்பை இங்கே எழுதப்போவதில்லை.

பழைய மாணவர் என்ற உறவு எங்கள் ஊரில் ஏன் இத்தனை இறுக்கமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமயப் போட்டியில் வளர்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1850இல், கத்தோலிக்கரும் ஆண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினர். 1847இல் இலங்கை வந்த அமலமரித் தியாகிகள் சபையினரின் பொறுப்பில் வளர்ந்த அப்பாடசாலை, 1881இல் அயர்லாந்தின் பாதுகாவலரான பத்திரிசியாரின் பெயரைப் பெற்றது. கரையோரத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு சைவப் பிள்ளைகளும், அருகிலிருந்த சோனகத் தெருவிலிருந்து முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே படித்தனர். மதம் மாற்றப்போகிறார்கள் என்ற அச்சம் ஒருபுறமிருக்க, ஆங்கிலம் நன்றாகச் சொல்லித்தருவார்கள் என்ற ஆசை அதை வென்றது என்றே நினைக்கிறேன்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அடுத்த ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுபோயின. தனித்து நிற்க விரும்பிய சில பெரிய கல்லூரிகள் தனித்து நிற்கலாம். ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் அறவிடக்கூடாது. அந்த வழியைத் தேர்ந்தவற்றில் எங்கள் கல்லூரியும் ஒன்று. கட்டணமும் இல்லை, அரசுப் பணமும் இல்லை என்றால் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பெற்றோரும் பழைய மாணவரும் கொடுத்தால்தான் உண்டு. பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கொருமுறை கூடி விருந்துண்ணும் அமைப்பாக இருந்தது போய், கல்லூரி மூச்சுவிடுவதற்கான நுரையீரல்களில் ஒன்றானது. போர்க்காலத்தில் புலம்பெயர்ந்தவர்கள் கையோடு கொண்டுபோன அமைப்பும் அதுதான். சென்ற நாட்டில் கோவில் எழுமுன்பே பழைய மாணவர் சங்கம் எழுந்துவிடும் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வதுண்டு.

எங்கள் வகுப்புக்கு 1981 வேறொரு காரணத்தாலும் மறக்கக்கூடாத ஆண்டு. மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அந்த நூலகத்தோடு எங்கள் கல்லூரிக்கு இரத்த உறவு போன்றதொன்று இருந்தது. 1936 முதல் 1954 வரை அதிபராக இருந்த லோங் அடிகளார், அயர்லாந்திலிருந்து வந்தவர், புதிய நூலகக் கட்டடம் எழுவதற்கு முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர். 1959இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் எரிவதைக் கல்லூரியின் மேல்மாடியிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். எங்களுக்கு அப்போது பதினாறு வயது. அவரைத் தூரத்தில் கண்டால் வழிவிட்டு ஒதுங்குவோமேயன்றி, அவர் என்ன எழுதினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

டிசம்பரில் பரீட்சை எழுதினோம். உயர்தரத்துக்குத் திரும்பியவர்கள் பாதிப்பேர். 1983 ஜூலை வந்தது. அதன்பின் இடாப்பில் மாதமொரு பெயர் விடுபடத் தொடங்கியது. சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள். எவர் எதற்குப் போனார் என்பது வீட்டாருக்கே பல நாள் கழித்துத்தான் தெரியவரும். நான் 1986இல் கனடா வந்து சேர்ந்தேன்.

மண்டபத்தில் நாங்கள் மீட்டெழுதிய இடாப்பில் முப்பத்தெட்டுப் பெயர்கள் தேறின. ஒருவர் பெயர் சொல்ல, இன்னொருவர் அவன் எந்த வாங்கில் இருந்தான் என்று சொல்லி உறுதி செய்ய, மூன்றாமவர் எழுதினார். ஒன்பது பேர் உயிரோடு இல்லை. வழக்கம்போல ஒரு நிமிட மௌனம். எப்படி இறந்தார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவன் படையினரின் எறிகணையில். ஒருவன் 1986 மே மாதத்து இயக்கச் சண்டையில், இன்னொரு தமிழனின் துப்பாக்கிக்கு. அவனைச் சுட்ட இயக்கத்தில் இருந்து மாண்டவனும் அதே ஒன்பதில் அடக்கம். இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒரு நிமிட மௌனம் மிக வசதியான ஏற்பாடு என்று அன்று எனக்குப் பட்டது.

மௌனத்துக்குப் பின் பேச்சு 1995 அக்டோபர் 30க்குப் போனது. படையினர் வலிகாமத்தை நெருங்க, ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டு யாழ்ப்பாண நகரமே எழுந்து, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு அது. அன்று நடந்தவர்கள் எங்களில் நால்வர். தாயைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்ற கதையை ஒருவர் சொன்னார். ஓரிரு மணிநேர நடைத் தூரத்தைக் கடக்க விடியும்வரை ஆனதாம். நாங்கள் எல்லோரும் பலமுறை கேட்ட கதைதான். ஆயினும் கண் கலங்காதவர் இல்லை.

அப்போதுதான் ஒரு நண்பர் தம் கைபேசியை மேசைமேல் நிறுத்தினார். முப்பத்தோராம் இலக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். இவர் இலங்கை போனபோது புத்தளத்தில் ஓர் இரும்புக் கடையில் ஆணி வாங்க நுழைந்து, கல்லாவில் இருந்தவரின் சிரிப்பை வைத்து அடையாளம் கண்டாராம். ரொறன்ரோவில் இரவு எட்டு மணி. அங்கே மறுநாள் அதிகாலை ஐந்தரை. சுபஹுத் தொழுகை முடித்துத் தொப்பியோடு திரையில் தோன்றினான். வகுப்பில் இருந்த ஒரேயொரு முஸ்லிம். சமய பாடவேளையில் கத்தோலிக்கர் ஒரு பக்கமும் சைவர் ஒரு பக்கமுமாகப் பிரியும்போது, இவன் மட்டும் கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுவான். அந்த ஒரு மணிநேரத்துக்காக அவன்மேல் எங்களுக்கெல்லாம் பொறாமை.

நடந்த பேச்சை அறியாமல், “என்ன கதைச்சுக் கொண்டிருக்கிறியள்?” என்றான். அக்டோபர் 30 இடப்பெயர்வு என்றோம். “எங்களுக்கு அது அஞ்சு வருசம் முந்தியே வந்திட்டுது மச்சான். அதே திகதிதான்” என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்போம்.

1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணிநேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி கட்டளையிட்டனர். வீடு, கடை, நகை, பத்திரம் எல்லாம் விட்டுப் போக வேண்டும். அந்த அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தனர். செய்தியை நான் இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் கேள்விப்பட்டேன். அன்று ஊருக்கு மாதம் இரண்டு கடிதம் எழுதுகிறவன் நான். அவனைப் பற்றி ஒரு வரி எவரிடமும் விசாரிக்கவில்லை. எங்கள் வகுப்பு நண்பர்களுக்குள் பின்னாளில் போன மின்னஞ்சல்களைத் தேடிப் பார்த்தேன். 1995 பற்றி நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 1990 என்ற எண் ஒருமுறைகூட இல்லை. அச்சம் என்று அன்று ஊரில் இருந்தவர்கள் சொல்லலாம், அது உண்மையும்கூட. ரொறன்ரோவில் இருந்த எனக்கு அந்தச் சாட்டு இல்லை.

அவன் நெடுநேரம் பேசினான். ஆசிரியர்களை ஒவ்வொருவராக விசாரித்தான். இறந்த ஒன்பது பேரையும் பெயர் சொல்லிக் கேட்டான், ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்று. மண்டபத்தில் யாரும் சொல்லாததை அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த இருவரைப் பற்றியும் சொன்னோம். சற்றுநேரம் திரையில் அசையாமல் இருந்தான், இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தோம்.

இரவு பதினொரு மணிக்கு முகவரிப் பட்டியல் தயாரானது. அவனுடைய புத்தள முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்ட நண்பர் அடுத்த பெயருக்குப் போகும்போது, அவன் குறுக்கிட்டு இன்னொன்றையும் எழுதச் சொன்னான். சோனகத் தெருவில் அவன் தகப்பனார் கட்டிய வீட்டின் இலக்கம். கூரையில்லை, முற்றத்தில் வேம்பு முளைத்துப் பெரிதாகிவிட்டது, கடிதம் போட்டால் வந்து சேராது, ஆனாலும் எழுது என்றான். நண்பர் அதை முதலாவதாக எழுதினார்.